மாத்திரைக்குக் காப்புக் கட்டிய கதை

என் மகளைப் பேரையூருக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது என்று என் அக்கா முடிவு செய்தபோது என்னிடம் கேட்கவில்லை. தகவல் சொன்னாள், அவ்வளவுதான். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள். எனக்குப் பெண் பார்த்தவளும் அவளே. பார்க்கப் போன அன்றைக்கு அந்தப் பெண் தட்டை மட்டும் கொண்டுவந்து எங்கள் முன்னால் நீட்டிவிட்டு நின்றாள். காபி டம்ளர்கள் அடுப்படியிலேயே இருந்துவிட்டன. அக்கா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். நான் அழகு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருமே தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். அவள் வேண்டுமானால் திருத்திக்கொள்ளட்டும். நான் திருத்திக்கொள்வதாக இல்லை.

நான் மேலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பிழைப்பு. குடியிருந்தது மதுரை செல்லூரில், வரிசையாக ஆறு வீடுகள் இருந்த ஒரு காம்பவுண்டில். ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிறவனுக்கு, நேரம் என்று ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளாத ஒரு மனைவி, ஒரு மகள்.

மனைவி அடுப்பில் பாலை வைப்பாள். குழாய் சொட்டுவது காதில் விழும். அதை மூடப் போகும் வழியில் சேலை முந்தானை பிரிந்திருப்பது கண்ணில் படும். ஊசி தேடி டிரங்குப் பெட்டியைத் திறப்பாள். பெட்டிக்குள் எப்போதோ காணாமல் போன என் சட்டை கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு வெற்றி வீரர் மாதிரி என்னிடம் வருவாள். அந்த நேரத்துக்குள் பால் பொங்கி, வழிந்து, அடிப்பிடித்து, தெரு முழுக்கத் தகவல் போயிருக்கும். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்.

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. பெஞ்சு அவளைச் சுடுமோ என்னவோ, உட்கார மாட்டாள். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள். பதில் பெரும்பாலும் வேறு கேள்விக்கானதாக இருக்கும். ஜன்னல் கம்பியில் ஏறி நிற்பாள். ஒற்றைச் செருப்போடு வீடு திரும்புவாள். அதே பிள்ளை, எறும்பு வரிசையைப் பார்க்க உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வராது.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அரையாண்டுப் பரீட்சைக்குள் பிள்ளை தன் இடத்தில் இருந்து ஒழுங்காக எழுதப் பழக வேண்டும், இல்லையென்றால் டி.சி.யை வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். என் பதற்றத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஆச்சரியப்பட வேண்டாம். பதற்றம் வந்தால் எனக்குக் கை, சட்டைப் பையில் எதையோ தேடும். வாய் எல்லாவற்றுக்கும் சரி சொல்லும். அன்றைக்கு நான் சொன்ன 'சரிங்க டீச்சர்'களைக் கேட்டு அந்தம்மாவே பயந்துபோய், உட்காருங்கள், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அதற்கும் சரிங்க டீச்சர் என்றேன். தண்ணீர் வந்ததும் வேண்டாம் என்றேன்.

டிப்போவில் ஒரு டிரைவர் சொல்லி, வைகைக்குத் தென்கரையில் ஒரு மனநல டாக்டரிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனோம். மனநல டாக்டர் என்றால் அந்தக் காலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டு வருவார்கள். என் மனைவி பட்டப்பகலில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் எங்கே போகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பத்தடி பின்னால், யாருக்கோ விலாசம் தேடுகிறவன் போல வந்தேன்.

டாக்டர் பிள்ளையை விளையாடவிட்டு வெகுநேரம் பார்த்தார். நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். இப்போதெல்லாம் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. இது திமிர் இல்லை, வளர்ப்புக் கோளாறு இல்லை, அடங்க மாட்டேன் என்கிற பிள்ளை வேறு, அடங்க முடியாத பிள்ளை வேறு என்றார். காலையில் சாப்பாட்டுக்குப் பின் அரை மாத்திரை. சாயங்காலம் கொஞ்சம் பாடம், கொஞ்சம் ஓட்டம், மறுபடி கொஞ்சம் பாடம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். அம்மா இதை ஒருநாள்கூடத் தவறாமல் செய்ய வேண்டும் என்று முடித்தார். அம்மா பலமாகத் தலையாட்டினாள். வெளியே வந்து ரிக்‌ஷா ஏறிய பிறகுதான், மாத்திரையோடு அவளுடைய பையும் டாக்டர் மேஜையிலேயே இருப்பது தெரிந்தது. திரும்பிப் போய் எடுத்து வந்தேன். டாக்டர் பையைக் கொடுக்கும்போது என்னைக் கொஞ்சம் கூர்மையாகப் பார்த்தார். எனக்கு அப்போது புரியவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலை. எனக்கு மதிய ஷிப்டு. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாமல் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை விடிந்த பிறகு படுத்து யாரும் பார்த்ததில்லை. மனைவி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்தோமா இல்லையா என்று மறந்துபோய், மகளிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் ஞாபகம் இல்லை. சரி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு அரையைக் கொடுத்துவிட்டாள்.

நான் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். லுங்கி, பனியன், ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு. மெயின் ரோட்டில் வந்து நின்ற பஸ்ஸில் பாய்ந்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இன்னைக்குப் பாப்பாவையும் டூட்டிக்குக் கூட்டிட்டு வாரீகளா?" என்றார். அப்போதுதான் போர்டைப் பார்த்தேன். மேலூர் பஸ். ஆண்டுக்கணக்காக என் கால்களுக்குத் தெரிந்த ஒரே பஸ்ஸில் அவை என்னை ஏற்றிவிட்டிருந்தன. ஆஸ்பத்திரி இருந்தது ஆற்றுக்குத் தெற்கே. நான் வடகிழக்கே போய்க்கொண்டிருந்தேன்.

விசிலடித்து, இறங்கி, எதிர்பஸ் பிடித்து, கடைசி இரண்டு தெருவை ஓடியே கடந்து டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது என் மனைவி அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி, சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து, எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது, அதற்குமுன் பிள்ளை என்ன சாப்பிட்டது என்பதெல்லாம் டாக்டரிடம் வரிசையாகச் சொல்லி முடித்திருந்தாள். வீடு பற்றி எரிந்தால் அவள்தான் தெளிவாக இருப்பாள். எரியாத நாட்களில்தான் கஷ்டம். "பிள்ளைய எங்க கொண்டுபோயிருந்தீக?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் பிள்ளையைச் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும், எழுந்ததும் இட்லி கேட்பாள் என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, கொடுத்த மாத்திரை எப்படி அம்மா மறந்துபோகும் என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"குடுக்குறப்ப ஒரு குருவி வந்துச்சுங்க" என்றாள் அவள்.

எனக்கு அந்த இடத்திலேயே ராஜினாமா செய்துவிடலாம் போல இருந்தது, எந்த வேலையிலிருந்து என்று தெரியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுடைய சின்ன வயசைப் பற்றிக் கேட்டார். சமயநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதே வழக்கமாம். பாதிப் பாடத்தை ஜன்னல் வழியாகத்தான் படித்தாளாம். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்களாம். மந்தம் என்று ஒருவர், வாலு என்று ஒருவர், பேய்க்கோளாறு என்று ஒருவர் சொன்னார்களாம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவன் நான். இதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியவங்களுக்கும் இது இருக்கும்னு நான் படிச்ச புத்தகத்துல அதிகம் எழுதலம்மா. ஆனா ரெண்டு பேரா எம் முன்னால உக்காந்திருக்கீங்களே, நான் என்ன செய்ய?"

"அவளுக்கு மருந்து குடுக்க வேண்டியவ நானு. எனக்கு யாரு குடுக்குறது? பாதி வைத்தியம் பாத்து என்ன பிரயோசனம்? என்னையும் சேத்துப் பாருங்க" என்றாள் அவள்.

எனக்குப் பதற்றம் தலைக்கேறிவிட்டது. வீட்டில் மூன்று பேர், இரண்டு பேர் நோயாளி என்றால் மூன்றாவது ஆள் எப்படித் தப்பியிருப்பான்? என்னையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். அவர் என்னை மேலிருந்து கீழே, அந்த ஜோடி சேராத செருப்புகள் வரை பார்த்துவிட்டு, உங்களுக்கு இருப்பது வெறும் பயம் என்றார். மருந்து உண்டா என்றேன். இல்லை என்றார்.

அம்மாவுக்கு அவர் மாத்திரை எழுதவில்லை. பிள்ளைக்குச் சொன்ன அதே விதிகளை அவளுக்கும் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு வேலை. முடிந்ததும் எழுந்து நட. எது வேண்டுமோ அது கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும். தினமும் ஞாபகப்படுத்த யாரையாவது ஏற்பாடு செய்துகொள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். பிறகு வேண்டாம் என்று முடிவு செய்து பார்வையை விலக்கிக்கொண்டார்.

இந்தச் செய்தி பேரையூருக்கு எப்படிப் போனது என்று தெரியாது. இரண்டு நாளில் பஸ் ஸ்டாண்டு ஆபீசுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. தாய்க்காரியே பிள்ளைக்கு மருந்தைக் கூடக் கொடுத்துவிட்டாளாமே, தாய்க்கும் மூளைக் கோளாறு என்று டாக்டரே சொல்லிவிட்டாராமே என்று ஆரம்பித்தாள். அவள் குரலில் கோபத்தைவிட நடுக்கம்தான் அதிகம். அக்கா கெட்டவள் இல்லை. அவள் வீட்டில் எல்லாம் அதது இடத்தில் இருக்கும். பிள்ளையும் அப்படி ஒரு இடத்தில் இருந்தால் சரியாகிவிடும் என்று மனதார நம்பினாள். "ஞாயித்துக்கிழம வாரேன். பிள்ள துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு. இனி அது எங்கிட்டதான் வளரும்" என்றாள். என் வாய் வழக்கம்போல, சரிக்கா என்றது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். நான் மிச்சக் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. தெருமுனைக் காளியம்மன் கோவிலில் அன்றைக்கு ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு.

காப்புக் கட்டினால் விரதம். வீட்டில் கறி, மீன் வேகக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. முக்கியமாக, காப்பை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் கலெக்டர் உத்தரவை மீறினாலும் மீறுவார்கள், காப்பை மீற மாட்டார்கள். என் அக்கா அதில் எல்லோரையும்விட ஒரு படி மேல்.

பூசாரிக்குப் பகலில் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் வேலை. என்ன நேர்த்தி, என்ன விரதம் என்று அவர் கேட்டிருக்கிறார். காலையில் மாத்திரை, சாயங்காலம் கணக்கு, அரையாண்டுப் பரீட்சை முடிகிற வரைக்கும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆத்தாவுக்குக் கணக்கு ஆகாது என்று யாரும் சொன்னதில்லை என்று கட்டிவிட்டாராம்.

எனக்குக் கை சட்டைப் பையைத் தேட ஆரம்பித்தது. சாமி விஷயத்தில் விளையாடலாமா, பொய்க் காப்பு கட்டினால் குடும்பம் விளங்குமா என்று புலம்பினேன்.

"யாரு பொய் சொன்னா? மாத்திர குடுக்குறதுதான் என் விரதம். அதவிடப் பெரிய விரதம் என்னால முடியுமா, சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். காலியான ஒரு பெரிய பையோடு வந்தாள். வாசலில் நின்ற பிள்ளையின் கையைப் பிடித்தவள், கயிற்றைப் பார்த்ததும் பட்டென்று விட்டுவிட்டாள். காம்பவுண்டுப் பெண்களெல்லாம் குழாயடியில் கூடிவிட்டார்கள். இது டவுன், டவுனுக்கு ஏது எல்லை என்று அக்கா வழக்கைத் திறந்தாள். தெருவைத் தாண்டினாலே குற்றம் என்றார் வீட்டுக்காரம்மா. அப்படியானால் ஆற்றைத் தாண்டி டாக்டரிடம் எப்படிப் போவது? கார்ப்பரேஷன் எல்லைதான் எல்லை என்று நான் சொன்னேன். கார்ப்பரேஷன் எல்லை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது பஸ் மட்டும்தான்.

"டவுன் பஸ் போற தூரம் வரைக்கும் ஊருதான்க்கா" என்றேன். அரசாங்கமே அப்படித்தான் பிரித்திருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா கணக்குப் போட்டாள். "அப்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சமயநல்லூருக்கும் டவுன் பஸ் போகுது. உம் மாமியா வீட்டுக்குப் போகலாம். பேரையூருக்கு மட்டும் போக முடியாது. அப்படித்தானடா?"

ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ரூட்டு அப்படி அமைந்துவிட்டது என்றேன்.

பரீட்சை முடிந்து காப்பை அவிழ்த்த மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு, காலிப் பையோடு அக்கா திரும்பிப் போனாள். பிள்ளை எங்களிடம் இருக்க மார்கழி வரைக்கும் தவணை கிடைத்தது.

திருவிழா முடிந்து மற்றவர்களெல்லாம் காப்பை அவிழ்த்துவிட்டார்கள். என் வீட்டுப் பெண்கள் அவிழ்க்கவில்லை. அப்புறம்தான் வேடிக்கை. விரதம் இருக்கிறவர்களை எங்கள் தெரு சும்மா விடாது. விரதம் கெட்டால் தெருவுக்கே ஆகாது என்று நினைப்பு. காலையில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் ஆளாளுக்கு, மாத்திரை கொடுத்தாச்சா என்று கேட்பார்கள். பஞ்சர் ஒட்டிக்கொண்டே பூசாரி, கணக்குப் போட்டாச்சா பாப்பா என்பார். வீட்டுக்காரம்மா வாடகை கேட்க வந்தால்கூட முதல் கேள்வி அதுதான். ஞாபகப்படுத்த ஓர் ஆளை ஏற்பாடு செய்யச் சொன்னார் டாக்டர். இவள் ஒரு தெருவையே ஏற்பாடு செய்துவிட்டாள். அவரிடம் இதைச் சொன்னபோது, இந்த வைத்தியத்தை எந்த மருந்துக்கடையில் எழுதிக் கொடுப்பது என்று தெரியவில்லையே என்றார்.

வீட்டுக்குள் இன்னொரு புரட்சி நடந்தது. ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தால், எல்லா டப்பாக்களின் மூடிகளும் ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் கிடக்கின்றன. மூடி போட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சாமான் இல்லாத மாதிரிதான் என்றாள் மனைவி. மகள் ஆமாம் என்றாள். கூடத்தின் குறுக்கே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கொடிக்கயிறு. அதில் துணி மாட்டும் கிளிப் போட்டுத் தொங்கியவை: சாவி, பல்பொடி, ரேஷன் கார்டு, ஸ்கூல் டை, கரண்டி, அழிரப்பர், என் வாட்ச். மாத்திரை அட்டை இந்த ஓரத்தில் இருந்தால் இன்னும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அந்த ஓரத்துக்குப் போய்விட்டால் கொடுத்தாகிவிட்டது. இந்தத் திட்டம் மகளுடையது. எந்நேரமும் நான் குனிந்துகொண்டே நடமாட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

சாயங்காலம் கணக்கு. கொஞ்சம் கணக்கு, பிறகு அம்மாவும் மகளும் காம்பவுண்டைச் சுற்றி ஓர் ஓட்டம், மறுபடி கொஞ்சம். மகள் கணக்குப் போடும்போது அம்மா அரிசியில் கல் பொறுக்க வேண்டும். எழுந்துபோகக் கூடாது. யார் முதலில் எழுகிறாரோ அவர் தோற்றவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி உட்கார்ந்திருப்பார்கள், மல்லுக்கட்டுக்காரர்கள் மாதிரி. அந்த வருடம் எங்கள் வீட்டுச் சோற்றில் கல்லே இல்லை.

கறியும் இல்லை. நான் மதுரைக்காரன். ஆடியில் ஆரம்பித்து மார்கழி வரை வீட்டில் சுக்கா வாசம் இல்லாமல் எவனாவது உயிரோடு இருப்பானா? மேலூரில் மதியம் ஒளிந்து ஒளிந்து சாப்பிட்டுவிட்டு, பல் தேய்த்து, வெற்றிலை போட்டு, ஆத்தாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு பஸ் ஏறுவேன். வாசற்படியிலேயே மகள் மோப்பம் பிடித்துவிடுவாள். எறும்பு வரிசையைப் பார்க்கிற அதே கவனம்.

எல்லாம் நேராகப் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அட்டை ஓரம் மாறாமல் கிடந்த நாளும் உண்டு. மகள் கணக்கு நோட்டைக் கிழித்து ராக்கெட் விட்ட நாள் உண்டு. அம்மா அழுது, மகள் அழுது, நடுவில் நான் எதற்கு என்றே தெரியாமல் அழுத நாள் உண்டு. அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம் தலைமையாசிரியை மறுபடி கூப்பிட்டனுப்பினார். பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து எழுத மாட்டேன் என்கிறது, நின்றால்தான் எழுதுகிறது என்றார். நான் சரிங்க டீச்சர் என்று வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"உக்காந்துதான் எழுதணும்னு கேள்வித்தாள்ல போட்டிருக்காங்களா டீச்சர்?"

போட்டிருக்கவில்லை. கடைசி வரிசையில், சுவரோரம், உயரமான ஒரு ஸ்டூலை மேஜையாக வைத்து, நின்றுகொண்டே எழுதட்டும் என்று முடிவானது. எழுதினாள். கணக்கில் நல்ல மார்க். தமிழில் தப்பித்தாள். அறிவியலில் ஒரு பக்கத்தைப் புரட்டவே மறந்துவிட்டாள். பிள்ளை இருக்கட்டும், முழுப் பரீட்சைக்குப் பார்ப்போம் என்றார் தலைமையாசிரியை. டி.சி. பேச்சு அதோடு நின்றது.

காப்பை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்தால் அக்கா வருவாள். காலையில் எழுந்ததும் மனைவியிடம், மார்கழிக்கு ஒன்று, தைக்கு ஒன்று என்று புதிதாகக் காப்பு கட்டிக்கொண்டே போய்விடலாமே என்று யோசனை சொன்னேன்.

"ஆத்தா முதுகுக்குப் பின்னால எம்புட்டு நாளைக்கு ஒளியிறது? நான் பேசிக்கிறேன்" என்றாள். பேசியபடியே பாலை அடுப்பில் வைத்தாள்.

அக்கா உள்ளே நுழைந்த அதே நேரத்தில் பால் பொங்கியது. தீய்ந்த வாசனைக்கு நடுவே, கொடிக்கயிற்றில் தொங்கிய கரண்டி நெற்றியில் இடிக்க, மூடியில்லாத டப்பாக்களைப் பார்த்தபடி அக்கா நின்றாள். பை இந்த முறையும் காலிதான். நான் மார்க்கைச் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை. இதுதான் நீங்கள் வைத்தியம் பார்த்த லட்சணமா, இந்த வீட்டில் பிள்ளை எப்படித் தேறும் என்று கேட்டாள். மாத்திரையாவது கொடுத்தாயா இன்றைக்கு என்றாள்.

மனைவிக்கு ஞாபகம் இல்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. மகளைப் பார்த்தாள். மகள் கயிற்றைப் பார்த்தாள். அட்டை இந்த ஓரத்திலேயே இருந்தது. மகள் போய் எடுத்து வந்து கையை நீட்டினாள். அம்மா பாதியாக உடைத்துக் கொடுத்தாள். மகள் விழுங்கிவிட்டு, அட்டையை அந்த ஓரத்தில் மாட்டினாள். யாரும் யாரையும் திட்டவில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தீய்ந்த சட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மனைவி பேசினாள். "நான் மறக்குறவதான் மதினி. நாளைக்கும் மறப்பேன். ஆனா நான் மறந்தா எங்க பாக்கணும்னு அவளுக்குத் தெரியும், அவ மறந்தா எனக்குத் தெரியும். உங்க வீட்ல எல்லாம் சரியா இருக்கும். அவ ஒருத்திதான் சரியில்லாதவளா இருப்பா. நான் அப்படி ஒரு வீட்ல வளந்தவ. எம் பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

அக்கா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கை சட்டைப் பைக்குள் இருந்தது. வாய் திறந்தது. சரிக்கா என்று வந்துவிடுமோ என்று நானே நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"அனுப்ப மாட்டோம்க்கா" என்று வந்தது.

அக்கா பையை மடித்தாள். பாலை இனிமேல் நானே வைக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டாள். பிள்ளையின் கன்னத்தைத் தடவிவிட்டு, குனிந்து, கயிற்றைத் தாண்டி வெளியே போனாள். வாசலில் இருந்து, "பொங்கலுக்கு மூணு பேரும் வாங்க. பிள்ளையத் திருப்பி அனுப்பிருவேன்" என்றாள்.

அவள் தெருமுனையைத் தாண்டியதும் என் பதற்றம் வந்து சேர்ந்தது. மூச்சு வாங்கியது. நெஞ்சு வலிக்கிறது, டாக்டரைக் கூப்பிடுங்கள், இல்லை வேண்டாம், அக்காவைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று ஏதேதோ சொன்னேன்.

மனைவி சட்டியை இறக்கி வைத்தாள். "மொதல்ல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்து முடிக்கும் வரை காத்திருந்தாள். "இப்பத் தண்ணி குடிங்க." குடித்தேன். மகள் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்று என்னைச் சோதித்துப் பார்த்தாள்.

"அப்பா, எந்திரிச்சு ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. வேற ஒண்ணும் யோசிக்காதீக. சுத்துறது மட்டும்."

போனேன். காம்பவுண்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். குழாயடியில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சுற்றுவது மட்டும்தான் என் வேலை என்றேன். திரும்பி வந்தபோது பிள்ளை வீட்டில்தான் இருந்தாள். சாயங்காலக் கணக்கைக் காலையிலேயே திறந்து வைத்துக்கொண்டு அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அரிசி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திருப்பி முறைத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.